நின்றபடி சுற்றும் விளக்கு

மார்கழி 2, வியாழன்

இல்லை, அது டைட்டில் போடும் மிஷின் இல்லை. எங்கள் முதலாளி தளவாய் அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்படிச் சொல்கிறார். சொல்வதால் ஒன்று அதுவாக ஆகிவிடாது. கறுப்பாக, பஞ்சாங்கத்தைவிடச் சற்றே பெரியதாக, ரப்பர் விசைகளோடு ஒரு கம்ப்யூட்டர். வீட்டில் வைத்துக்கொள்வதற்காகச் செய்தது. பழைய டிவி அதன் முகம். டேப் ரெக்கார்டர் அதன் ஞாபகம். மின்சாரம் போனால் சகலமும் மறந்துவிடும். கேசட்டை ஓட்டி, கீச்சுக் கீச்சென்ற சத்தத்தைக் கேட்கவைத்தால் மெல்ல ஞாபகம் வரும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் அண்ணாச்சி விசிஆர் வாங்கியபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி அதைப் ‘பெட்டி’ என்பார். ஆறு மாதமாக அதில் கல்யாண கேசட்டுகளுக்கு மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபத்தின் பெயர் எழுதுகிறேன். அதற்குத் தமிழ் தெரியாது. எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக நானே செய்தேன். ‘ஸ்ரீ’ மட்டும் ஒரு வாரம்.

படித்தது எம்.ஏ. தத்துவம்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கௌரி வீடியோவில் ஈ ஓட்டுகிறோம். இன்று அண்ணாச்சி சொன்னார்:

“ஏம்மா ஆவுடை, பொங்கல் கழிஞ்சதும் பெட்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன். அரிசி மில்காரர் மவன் கேக்கான். விளையாடுததுக்கு.”

“அப்ப டைட்டில்?”

“போர்டுல எழுதிவச்சு ஜெபராஜ் எடுத்துருவான். முன்ன அப்படித்தான செஞ்சோம்.”

ஜெபராஜ் எங்கள் காமிராக்காரன். பாளையங்கோட்டை. பெட்டியை விற்றால் அவனுக்குப் புதுக் காமிரா. மூலையில் உட்கார்ந்து லைட் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. சிரித்தான் என்று நினைக்கிறேன்.

மார்கழி 3, வெள்ளி

பிரமநாயகம் பிள்ளை வந்தார். டவுனில் பாதிப் பேருக்கு மாமா. தை பதினொன்றில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்பதால் தோளில் துண்டு போட்டிருக்கும் விதமே வேறு.

“மெட்ராஸ்ல ஒரு கேசட்டு பாத்தேன் வே, தளவாய். ஆரம்பத்துல பேரு அந்தரத்துல நின்னு சுத்துது. நம்மளுக்குப் பேரு வேண்டாம். குத்துவிளக்கு சுத்தணும். முடியுமா, முடியாதா?”

“முடியா...” என்று ஜெபராஜ் தொடங்கினான்.

“முடியும் மாமா” என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனபின் அண்ணாச்சி வெற்றிலையை மடித்தபடி தீர்ப்புச் சொன்னார். விளக்கு சுற்றினால் பெட்டி கடையிலேயே இருக்கும். சுற்றாவிட்டால் மில்காரருக்கு.

“எம்ஏ மேடம், வேற வேலை இருந்தா இப்பவே பாத்து வையுங்க” என்றான் ஜெபராஜ்.

ஆக, எனக்கும் ஒரு விளக்குக்கும் பேசி முடித்தாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் வேறு யாரையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்கழி 5, ஞாயிறு

முதலில் ஒரு கனசதுரத்தைச் சுற்றவைத்துப் பார்த்தேன். விளக்கு பிறகு.

ஒரு பொருளைச் சுற்றவைப்பது என்றால் அதன் மூலைகளைச் சுற்றவைப்பது. ஒவ்வொரு மூலையும் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வெறுத்த சைன், கோசைன் இரண்டும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. மூலைகளுக்கு நடுவே கோடு இழுத்தால் பொருள்.

பெட்டி கோடு இழுத்தது. அழித்தது. கொஞ்சம் திருப்பி மறுபடி இழுத்தது. ஒரு திருப்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் ஒரு வாய் காப்பி குடிக்க முடிந்தது.

“நல்லாருக்கு. மாப்பிள்ளை தாலி கட்டி, புள்ளை பொறந்து, அதுக்கும் கல்யாணம் ஆவும்போது ஒரு சுத்து முடிஞ்சிரும்” என்றான் ஜெபராஜ்.

அவன் சொன்னது சரி. படங்களை முன்னதாகவே வரைந்து பெட்டியின் ஞாபகத்தில் அடுக்கிவைக்க வேண்டும். பிறகு அவற்றை வேகமாகப் புரட்ட வேண்டும். சிக்கல் ஒன்றுதான். முழுத்திரைப் படங்கள் ஐந்தாறுக்கு மேல் அதன் ஞாபகத்தில் கொள்ளாது.

மார்கழி 6, திங்கள்

எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை அளந்தேன். அடிப்பீடம், தண்டு, தண்டில் உள்ள வளையங்கள், ஐந்து முகம் வைத்த தட்டு. உச்சியில் ஒரு அன்னம். நூல் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்து.

“என்னட்டி செய்யுத?” என்றாள் அம்மா.

“அளக்கேன்.”

“விளக்குக்குச் சட்டையா தைக்கப்போற?”

அன்னத்தை அளக்கவில்லை. வளைவுகள் அதிகம். அலங்காரம்தானே. விட்டுவிட்டேன்.

மார்கழி 8, புதன்

காலையிலிருந்து விளக்கின் பாதி உருவத்தை எண்களாக உள்ளே ஏற்றினேன். கேசட்டில் பதியவில்லை. முடித்துவிட்டுப் பதியலாம் என்ற நினைப்பு.

ஜெபராஜ் தன் ஆயிரம் வாட் லைட் எரிகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டான். டிவி ஒருமுறை கண் சிமிட்டியது. பெட்டி எல்லாவற்றையும் மறந்தது.

“நான் என்ன செஞ்சேன்? லைட்டுதான போட்டேன்?”

அவனிடம் இனிப் பேசுவதில்லை.

மார்கழி 9, வியாழன்

பேச வேண்டியதாகிவிட்டது. டேப் ரெக்கார்டரின் வயர் அவன் பையில் இருந்தது.

மற்றபடி இன்று நல்ல நாள். கடைக்கு நடந்து வரும்போது தோன்றியது. விளக்கு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டியதே இல்லை. ஐந்து முகம். ஐந்தில் ஒரு பங்கு திரும்பினால் ஒரு முகம் இருந்த இடத்துக்கு அடுத்த முகம் வந்துவிடும். பழைய விளக்கே கிடைத்துவிடும். ஆகவே அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் படங்கள் இருந்தால் போதும். திரும்பத் திரும்ப ஓட்டினால் முடிவில்லாமல் சுற்றும்.

மிகக் கொஞ்சம் வைத்துக்கொண்டு முடிவில்லாததைச் செய்வது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பூக்காரம்மாள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

மார்கழி 10, வெள்ளி

கிறிஸ்துமஸ். ஜெபராஜ் இல்லை. லைட் இல்லை. சத்தம் இல்லை. பெட்டி காலையிலிருந்து மாலைவரை வரைந்தது. ஒவ்வொரு வளையமாக, ஒவ்வொரு கோடாக. மழை பெய்யும்போது சன்னல் கம்பியில் நீர் இறங்குவதுபோல் இருந்தது. கடை ரொம்ப அமைதி. அமைதி எனக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓட்டிப் பார்ப்பது நாளைக்கு. அண்ணாச்சி முன்னால்தான்.

மார்கழி 11, சனி

ஓட்டினேன்.

விளக்கு நின்றது.

“சுத்துதாம்மா?” என்றார் அண்ணாச்சி.

“சுத்துது அண்ணாச்சி.”

“நிக்குல்லா?”

“சுத்தி முடிச்சு இருந்த இடத்துக்கே வந்துருது அண்ணாச்சி. அதான்.”

“சரி. எப்பச் சுத்துது?”

ஜெபராஜ் டிவிக்கு மிக அருகில் போனான். கையைக் கட்டிக்கொண்டு, சாமி பார்ப்பதுபோல் பார்த்தான். “அருமை. ஒரு போட்டோ எடுத்துக் காமிச்சாலே போதும்போல இருக்கே” என்றான்.

மத்தியானம் கண்டுபிடித்தேன். படத்துக்குப் படம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற இடத்தில், ஐந்தில் ஒரு பங்கின் சிறு பகுதியை எழுதாமல் ஐந்தில் ஒரு பங்கையே எழுதியிருக்கிறேன். அதனால் எல்லாப் படமும் ஒரே படம். பெட்டி ஒரு பகல் முழுக்க, மிகச் சிரத்தையாக, ஒரே விளக்கைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறது. குறை சொல்லவே இல்லை.

ஜெபராஜ் வீட்டுக் கேக் கொண்டுவந்தான். அண்ணாச்சிக்கு ஒரு துண்டு, எனக்கு இரண்டு துண்டு. முந்திரி நிறைய. பிழையைத் தேடும்போது கவனமில்லாமல் இரண்டையும் சாப்பிட்டுவிட்டேன்.

மார்கழி 13, திங்கள்

எண்ணைத் திருத்தினேன். இப்போது அசைகிறது. சுற்றுவதாகத் தெரியவில்லை. தண்டும் வளையங்களும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. முகங்கள் மட்டும் ஓடுகின்றன. ஒரு சீப்பைப் பக்கவாட்டில் நகர்த்தினால் எப்படி, அப்படி.

“இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?” என்றான் ஜெபராஜ். “ரெக்கார்டு ப்ளேயர் மேல நெசமான விளக்க வச்சுச் சுத்தவிடுதேன். பத்து நிமிஷம். எடுத்துருவேன். பாக்கியளா?”

“எடுங்க.”

“எடுத்துட்டா காமிராக்கு எந்தக் கம்பெனின்னு நீங்களே சொல்லலாம்.”

மார்கழி 14, செவ்வாய்

எடுத்தான்.

தன் வீட்டு ரெக்கார்டு ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். விளக்கு பக்கத்துப் பாத்திரக் கடையில் இரவல். உச்சியில் மொட்டு மாதிரி ஒரு குமிழ், அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றினான். ஐந்து திரி போட்டு ஏற்றினான். லைட்டைப் போட்டான். “மேடம் இந்தப் பக்கம் வாங்க, நெழல் விழுது” என்றான். சுவிட்சைத் தட்டினான்.

முதல் சுற்றிலேயே திரிகள் அணைந்தன. விளக்கு கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதாவது சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பார்த்தால் நின்றுகொண்டுதான் இருந்தது.

“சுத்துதா, ஜெபராஜு?” என்றார் அண்ணாச்சி.

“சுத்துது அண்ணாச்சி.”

“நிக்குல்லா?”

அப்போதுதான் அண்ணாச்சி தன் சட்டையைப் பார்த்தார். நான் என் தாவணியைப் பார்த்தேன். மூன்று பேர் மேலும் வரிசையாக, நேர்க்கோட்டில், எண்ணெய்ப் பொட்டுகள். விளக்கு சுற்றியதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

அண்ணாச்சி திட்டத் தொடங்கினார். ஜெபராஜ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்து, அண்ணாச்சி வெளியே போகும்வரை நிறுத்த முடியவில்லை.

எழுதிவைக்க வேண்டியது: உருண்டையான பொருளுக்கு, அது சுற்றுகிறது என்று சொல்ல, உருண்டையில்லாத ஒன்று அதன்மேல் வேண்டும்.

மார்கழி 16, வியாழன்

நாளை வெள்ளிக்கிழமை என்பதால் விளக்குத் துலக்கும் வேலை என் தலையில். புளியும் சாம்பலும்.

“அன்னத்தத் தனியா கழத்தி வையி. அப்படியே தேய்ச்சா கழுத்துல பச்சை நிக்கும்.”

கழற்றினேன். அன்னம் தனி. தட்டு தனி. தண்டு தனி. பீடம் தனி. எல்லாம் மரையில் மாட்டியவை. இத்தனை வருஷம் இதை ஒரே விளக்கு என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு அப்படியே புளிக் கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

அன்னத்துக்கு மூக்கு உண்டு. மூக்கு ஒரு பக்கம்தான் பார்க்கும். அது திரும்பினால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்னம் பழைய இடத்துக்கு வர முழுச் சுற்றும் வேண்டும். முழு விளக்குக்கும் அத்தனை படம் என்றால் பெட்டி தாங்காது. ஆனால் அன்னத்தை மட்டும் கழற்றலாம். சின்ன அன்னம், சின்னப் படம், எத்தனை வேண்டுமானாலும். கீழே பழைய ஐந்தில் ஒரு பங்கு விளக்கு, திரும்பத் திரும்ப. மேலே அன்னத்தைத் தனியாக மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.

“ஏட்டி, புளி காயுது பாரு” என்றாள் அம்மா. பிறகு, நான் நல்ல முகத்தோடு இருப்பதைப் பார்த்து, தென்காசியிலிருந்து வந்திருக்கும் ஜாதகத்தைப் பற்றிச் சொன்னாள். மாப்பிள்ளை பாங்கில் இருக்கிறாராம்.

“அன்னத்தை நாளைக்கு அளக்கணும்” என்றேன்.

மார்கழி 19, ஞாயிறு

அன்னத்தைக் கட்டத்தாளில் வரைந்தேன். கழுத்து சரியாக வரவில்லை. முதலில் வாத்து. அடுத்து கோழி. மூன்றாவது, ஜெபராஜ் சொன்னபடி, அண்ணாச்சியின் மைத்துனர்.

பிற்பகல், “லைட் போடட்டுமா?” என்று கேட்டான்.

கேசட்டில் பதிந்த பிறகு, “போடுங்க” என்றேன்.

போட்டான்.

மார்கழி 20, திங்கள்

“லைட் போடட்டுமா?”

“இப்ப வேண்டாம்.”

லைட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போய் அங்கே செருகிப் பார்த்துவிட்டு வந்தான். டீக்கடைக்காரர் சத்தம் போட்டது இங்கே கேட்டது.

மார்கழி 22, புதன்

சுற்றுகிறது.

மார்கழி 24, வெள்ளி

பிரமநாயகம் மாமா குடும்பத்தோடு வந்தார். மாமா, அத்தை, மாமாவின் தம்பி. அண்ணாச்சி நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். ஓட்டினேன்.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் ஒரு விளக்கு. உச்சியில் அன்னம் திரும்பியது. என் வாழ்நாளில் மிக நீளமான சில நொடிகள். பிறகு மாமா நாற்காலியில் நிமிர்ந்தார்.

“என்ன வே இது, அப்பிரதட்சணமால்லா போவுது!”

“இல்லியே, சரியாத்தான போவுது” என்றாள் அத்தை.

“கண்ணத் தொறந்து பாரு. இந்தானைக்கு இடப்பக்கம் போவுது.”

“வலப்பக்கம்தான் போவுது. நீங்கதான் எதையும் மாத்திப் பாப்பிய.”

மாமாவின் தம்பி இரண்டு பக்கமும் தலையசைத்தார். “மொதல்ல இடம் போச்சு. இப்ப வலம் போவுது” என்றார். அவர் பாகப்பிரிவினையிலும் இப்படித்தான் பேசினார் என்று அத்தை சொன்னாள். அதற்குமேல் அது விளக்கைப் பற்றிய சண்டையாக இல்லை.

“கல்யாண கேசட்டுல விளக்கு எடஞ்சுத்துனா வெளங்குமா வே? திருத்திக் குடுத்தா குடு. இல்லன்னா எனக்கு வேண்டாம்.”

அவர்கள் போனபின் நானும் பார்த்தேன். வலம். கண்ணைச் சிமிட்டினேன். இடம். இரண்டும் உண்மை. இது கம்பியால் கட்டிய அன்னம் மாதிரி. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகத் தெரிகின்றன. மூக்கு நம்மை நோக்கி நீட்டியிருக்கிறதா, அந்தப் பக்கமா என்று திரையில் எதுவும் சொல்லவில்லை. அவரவர் கண் முடிவு செய்துகொள்கிறது.

சென்னையில் இரண்டு வருஷம், ஒரு பொருள் பார்ப்பவர் இல்லாதபோது எப்படி இருக்கும் என்று படித்தேன். பரீட்சையில் வந்தது. பிரமநாயகம் மாமா பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி மில்காரருக்குப் போன் பண்ணினார். தை மூன்றாம் தேதி ஆள் அனுப்பச் சொன்னார்.

மார்கழி 25, சனி

காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிப் படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை. கடையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த மில்காரர் மகன் பெட்டியில் சுட்டுச் சுட்டு விளையாடுவான். ரப்பர் விசைகள் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். இதையெல்லாம் ஏன் நினைக்கிறேன். ஒரு பெட்டி.

சாயங்காலம் ஜெபராஜ் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. அப்பாவிடம் சாவி கேட்டான். கடைச் சாவி என்னிடம் இருந்ததாம். அண்ணாச்சியிடம் இன்னொன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். மறந்திருப்பான்.

“காய்ச்சலா?” என்று கேட்டான்.

“லேசா.”

“பின்னால இருக்கிறது எதுக்கு மேடம் தெரியணும்? நான் எடுக்கும்போது முதுகெல்லாம் தெரியாதுல்லா” என்றான். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மார்கழி 26, ஞாயிறு

பின்பக்கம் இருப்பதை வரையவே கூடாது.

விளக்கின் உடலுக்கு அது சுலபம். நம் பக்கம் உள்ள பாதிக் கோடுகளை மட்டும் விட்டு மற்றதை விலக்கினேன். உடனே கம்பிக்கூடு போய்ப் பித்தளை வந்தது. தட்டினால் சத்தம் கேட்கும்போல.

அன்னம் பிடிவாதம் பிடிக்கிறது. அதன் உடலைத் தட்டையான சின்னச் சின்ன முகங்களாகப் பிரிக்க வேண்டும். நம்மைப் பார்க்கும் முகத்தை வரை, திரும்பிக்கொண்ட முகத்தை விடு. மூக்கு தலைக்குப் பின்னால் போனால் தலை அதை மறைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் பெட்டி யோசித்து யோசித்து வரைகிறது. எனக்கு அவசரம். அதற்கு இல்லை.

மார்கழி 29, புதன்

போகி. பழையதை எல்லாம் எரிக்கிற நாள். அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வெற்றிலை வாங்கப் போனார்.

தை 1, வியாழன்

பொங்கல். கரும்பு. அம்மாவும் அப்பாவும் தென்காசி பற்றி நிறையப் பேசினார்கள். மனசு முழுக்க ஒரு கழுத்து.

தை 3, சனி

காலையிலேயே மில்காரரின் கணக்குப்பிள்ளை வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு காலி அரிசிப் பை, பெட்டியைப் போட்டுக்கொள்ள. மில் முதலாளி பேசிய விலைக்குமேல் கொஞ்சம் தருவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். அண்ணாச்சியின் கண் விரிந்ததை நான் பார்த்தேன்.

பிறகு பிரமநாயகம் மாமாவும் அத்தையும்.

ஓட்டினேன். இந்தமுறை அன்னம் அன்னமாக இருந்தது. மூக்கு நம்மைப் பார்த்தது, மெல்ல வலப்பக்கம் போனது, தலைக்குப் பின்னால் மறைந்தது, இடப்பக்கம் எட்டிப் பார்த்தது, மறுபடி நம்மிடம் வந்தது.

“இப்ப எந்தப் பக்கம் போவுது மாமா?”

“வலப்பக்கம்.”

“அத்தை?”

“நான் அன்னைக்கே சொன்னேன்.”

ஆனால் மாமாவின் நெற்றி சுருங்கியது. “சரி, இது பிரதட்சணம்தானா? சாமியச் சுத்தும்போது எப்படிப் போவோம்... ஏல ஜெபராஜு, அந்த ரெக்கார்டு ப்ளேயரு எப்படிச் சுத்தும்?”

“அது மாத்தில்லா சுத்தும்” என்றான் ஜெபராஜ். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். கணக்குப்பிள்ளை அரிசிப் பையை விரித்தார்.

அப்போது என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே எங்கள் வீட்டு அன்னம். (அம்மா: “வெளக்கு வைக்கதுக்குள்ள கொண்டாந்துரு. மொட்டை வெளக்க ஏத்த முடியாது.”) நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மூக்கு மாமாவைப் பார்க்கும்படி அன்னத்தை வைத்தேன்.

“மாமா, கோயில்ல சுத்துத மாதிரி இதை ஒரு சுத்துச் சுத்தி வாங்க. அன்னத்து மேலயே கண்ணு இருக்கணும்.”

“நானா?”

“சாமி சுத்துமா, நாம சுத்துவமா?”

அவர் துண்டை இடுப்பில் கட்டினார். சுற்றினார். இரண்டு அடி போனதும் நின்றார்.

“வே! மூக்கு என் வலப்பக்கம் போவுது!”

“இன்னும் போங்க.”

“மறையுது! இங்க இருந்து பாத்தா வாலுதான்! இந்தா... இப்ப இடப்பக்கமா வருது!”

டிவியில் அன்னமும் அதே நேரத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மாமா ஸ்டூலையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை அவர் பின்னால் சுற்ற ஆரம்பித்தாள். அண்ணாச்சியும் ஒரு சுற்று. கணக்குப்பிள்ளை பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

“டிவியில சுத்துறது விளக்கு இல்ல மாமா. நீங்கதான். கேசட்டப் பாக்குறவங்க எல்லாரும் சோபாவுல உக்காந்தபடியே வலம் வாராங்க.”

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் டிவியைப் பார்த்தார். “மெட்ராஸ்காரன் வெறும் பேரைல்லா சுத்தவிட்டிருக்கான்” என்றார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை எழுதத் தெரியவில்லை.

இருந்தும் கணக்குப்பிள்ளை போகவில்லை. முதலாளி சொன்ன தொகையை இன்னொருமுறை சொன்னார். அண்ணாச்சி கழுத்தைச் சொறிந்தார். ஜெபராஜ் அண்ணாச்சியை டீ குடிக்கக் கூப்பிட்டுப் போனான். நான் விசைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

திரும்பி வந்து அண்ணாச்சி, “பெட்டி குடுக்குததா இல்ல, போயிட்டு வாங்க” என்றார். கணக்குப்பிள்ளை காலிப் பையை மடித்துக்கொண்டு போனார். வாசலில் நின்று டிவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஜெபராஜ் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பாவம், காமிரா போயிற்று.

தை 11, ஞாயிறு

கல்யாணம் நடந்தது. ஜெபராஜ் கூட்டத்தில் லைட்டைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லாமல் என்னிடம் கொடுத்தான். சூடு. கை வலி. அவன் எந்தப் பக்கம் நகர்வான் என்று சொல்லாமலே தெரிந்துவிடுகிறது, அதனால் சிரமமில்லை.

தை 14, புதன்

மாமா வீட்டில் கேசட் போட்டார்களாம். விளக்கு வந்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். நான்கு முறை திருப்பித் திருப்பி ஓட்டிவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனார்களாம். மாசியில் இரண்டு வீட்டார் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வேல். இன்னொருவருக்குத் தேங்காய் வைத்த கும்பம். தேங்காய்க்குக் குடுமி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கும்.

அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருந்தார்.

“அன்னைக்கு நான் குடுத்திருப்பேன், தெரியுமா? ஜெபராஜுதான் டீக்கடைல வச்சு, காமிரா இப்ப வேண்டாம், பழசே போதும், பெட்டி இருக்கட்டும்னு ஒத்தக் கால்ல நின்னான். என்னடா இதுன்னு எனக்கே ஆச்சரியம்.”

எனக்கும் ஆச்சரியம்தான். புதுக் காமிராவில் ஏதோ அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

தென்காசிக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். மாசியில் வேலை இருக்கிறது என்றேன்.

தை 16, வெள்ளி

மத்தியானம் கடையில் வேறு யாருமில்லை. ஜெபராஜ் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“ஈஸ்டர் கழிஞ்சு தங்கச்சி எஸ்தருக்குக் கல்யாணம். ஆரம்பத்துல ஒரு சிலுவை சுத்தினா நல்லாருக்கும்.”

“பக்கவாட்டுல திரும்பும்போது வெறும் கம்பு மாதிரித்தான் தெரியும். பரவால்லையா?”

“அந்த நேரத்துல கொஞ்சம் வேகமா திரும்பச் சொல்லுங்க.”

“எந்தப் பக்கம் சுத்தணும்?”

அவன் யோசித்தான். “எங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். உங்க இஷ்டம்” என்றான். காது சிவந்திருந்தது. லைட்டுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் இருக்கும். பிறகுதான் பார்த்தேன், லைட் எரியவில்லை.

“ஆவுடைன்னு கூப்பிடலாம். மேடம் வேண்டாம்” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு லைட்டைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். நான் புதுக் கட்டத்தாள் ஒன்றை எடுத்து, பென்சிலைச் சீவி, சிலுவையின் முதல் மூலையைக் குறித்தேன்.